கரண்ட்டுச் சட்டியும் கட்டிய வாயும்

என் கணவரின் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று, மருத்துவமனை நர்ஸ் ஒருத்தி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"வீட்ல கட்டிங் பிளேயர் இருக்குதாக்கா?"

"இருக்குது. ஆட்டோவுல டூல்ஸ் பெட்டியில வெச்சிருக்காரு."

"அத எடுத்து நல்லா கழுவி இவரு தலைமாட்டுல வெச்சிடுங்க. இவருக்கு வாந்தி வரக்கூடாது. வந்துச்சுன்னா வாயத் தெறக்க முடியாது, உள்ளயே போயிடும். முன்னாடி குனிய வைங்க. கன்னத்த விரல் விட்டு ஒதுக்குங்க, பல்லு சந்துல வெளிய வந்துரும். மூச்சே விட முடியலன்னா மட்டும் இந்தக் கம்பிங்கள வெட்டுங்க." அவள் தன் வாயைக் காட்டி, மேலிருந்து கீழாக வரும் கம்பிகள் எவையென்று விரலால் கோடு போட்டுக் காட்டினாள். "சும்மா பயந்துகிட்டு வெட்டிடாதீங்க. வெட்டிட்டா திரும்பவும் முதல்லேர்ந்து ஆபரேஷன்."

அதற்குப் பிறகு எனக்கு அவருடைய ஒவ்வொரு தும்மலும் பயம், ஒவ்வொரு ஏப்பமும் பயம்.

என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர். செங்கம் ரோட்டில் மழை நாளில் குறுக்கே ஓடிய நாய்க்காக வண்டியை ஒடித்துத் திருப்பியதில் ஆட்டோ சாய்ந்து, ஹேண்டில்பாரில் தாடை மோதி இரண்டு இடத்தில் உடைந்துபோயிற்று. ஒன்றரை மாதம் வாயைத் திறக்கக் கூடாது என்றார்கள். ஊசி கழற்றிய பெரிய சிரிஞ்சில் ரப்பர் குழாயைச் செருகி, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, தண்ணீர் மாதிரி எதையாவது உள்ளே அனுப்ப வேண்டும். அதுதான் சாப்பாடு. பேசுவார், ஆனால் கட்டிய பல்லுக்குள்ளிருந்து வரும் பேச்சு, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். எனக்குப் பாதி புரியும். அவருடைய அக்காவுக்கு முழுசாகப் புரியும்.

அந்த அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேர்க்கடலைக் கொல்லையையும் இரண்டு மாட்டையும் மகன் பொறுப்பில் விட்டுவிட்டு, செய்தி கேட்ட மறுநாளே துணிப் பையோடு வந்து இறங்கினார். தம்பியின் வீங்கிய முகத்தைப் பார்த்து அழவில்லை. என்னைப் பார்த்து, "நீ இஸ்கூலுக்குப் போவியா, லீவு போட்டுருக்கியா?" என்றுதான் கேட்டார்.

நான் கீழ்பென்னாத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவர் ஆட்டோ ஓட்டாத நாட்களில் வீட்டுக்கு வருவது என் சம்பளம் மட்டும்தான். எடுக்கக்கூடிய லீவையெல்லாம் ஆபரேஷன் சமயத்திலேயே எடுத்துவிட்டேன். "போவணும் அண்ணி" என்றேன். அவர் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை வேறு வரிசையில் அடுக்க ஆரம்பித்தார்.

ஸ்லோ குக்கர் வந்தது அதற்கு அடுத்த வாரம். ரமணாசிரமத்துப் பக்கம் ஒவ்வொரு வருஷமும் குளிர்காலத்தில் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரம்மா ஒருவர், என் கணவரின் ஆட்டோவில்தான் எங்கும் போவார். அவர் ஊருக்குக் கிளம்புகிற சமயம். விபத்தைக் கேள்விப்பட்டு, அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். உள்ளே கறுப்பு நிறத்தில் முட்டை வடிவத்தில் ஒரு மின்சாரப் பாத்திரம். அதற்குள் கனமான பீங்கான் சட்டி. மேலே கண்ணாடி மூடி. முன்பக்கம் ஒரு திருகு. கம்மி, ஜாஸ்தி, சூடாக வைத்திருக்க ஒன்று, அவ்வளவுதான்.

அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "மெதுவா. ரொம்ப மெதுவா. எல்லாம் வெண்ணெய் மாதிரி" என்று விரல்களைத் தேய்த்துக் காட்டினார். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு விதிகளைச் சொன்னார். மூடியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது, சூடு போய்விடும். சட்டி சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெடித்துவிடும். கம்பி நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. அடிப்பாகத்தைத் தண்ணீரில் வைக்கவே கூடாது. கடைசியைச் சொல்லும்போது கழுத்தை விரலால் அறுத்துக் காட்டினார்.

அவர் போனதும் அண்ணி பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தார். "இது இன்னா, விசில் வராதா?"

"வராது அண்ணி. கரண்ட்ல தானா வேகும்."

"கரண்ட்டுச் சட்டி" என்று பெயர் வைத்துவிட்டார். "பொழுது விடிஞ்சா அடுப்ப மூட்டி நிக்கத் தாவல. நல்லாத்தான் கண்டுபுடிச்சிருக்கானுங்க, வேலைக்குப் போறவளுங்களுக்குன்னு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தச் சட்டி இல்லாவிட்டால் நான் திண்டாடியிருப்பேன். விடியற்காலையில் எழுந்து அரிசி, சிறுபருப்பு, கேரட், பூண்டு, மெல்லிய துணியில் கட்டிய கோழி எலும்பு எல்லாவற்றையும் போட்டு, கொதிநீர் ஊற்றி, மூடி, திருகை வைத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுவேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லாம் குழைந்து கரைந்துவிடும். அண்ணி எலும்புத் துணியை எடுத்துவிட்டு, மிக்ஸியில் அடித்து, இரண்டு தரம் வடிகட்டி, தம்பிக்குச் சிரிஞ்சில் கொடுப்பார். பிரஷர் குக்கரில் வைத்தபோது வடிகட்டியில் நின்ற திப்பியில் பாதிகூட இதில் நிற்கவில்லை. குழாய் அடைத்துக்கொள்வது நின்றது. அவர் கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிய ஆரம்பித்தது.

சண்டை வந்தது கழுவுகிற விஷயத்தில்தான். ஒரு சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, பின்பக்கக் குழாயடியில் அண்ணி சட்டியை மட்டுமல்ல, கறுப்பு அடிப்பாகத்தையும் சேர்த்துச் சாய்த்து வைத்திருந்தார். ஒரு கையில் சோப்பு நார். இன்னொரு கை குழாயைத் திருகிக்கொண்டிருந்தது.

"அண்ணி! அடிய நனைக்காதீங்க!"

நான் கத்திய கத்தலில் அவர் கையிலிருந்த நார் விழுந்துவிட்டது. ஓடிப்போய் அடிப்பாகத்தைப் பிடுங்கினேன். ஓரமெல்லாம் ஈரம். பிளக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"கஞ்சி வழிஞ்சு காஞ்சு போயிருந்துச்சு. நாத்தம் வருதுன்னு கழுவுனேன். அதுக்கு ஏன் இப்படி அலர்ற?"

"கரண்ட் அடிச்சா செத்துப் போயிடுவீங்க அண்ணி. ஈரத் துணியப் பிழிஞ்சு தொடைக்கணும், அவ்ளோதான். இனிமே நீங்க இதக் கழுவாதீங்க, நான் வந்து பாத்துக்கறேன். மூடியத் திறக்காதீங்க, திருகத் தொடாதீங்க. ஆனப்புறம் எடுத்துக் குடுத்தா போதும்."

சொல்லி முடித்த பிறகுதான் என் குரல் மூன்றாம் வகுப்பில் பேசுகிற குரலாக இருந்தது எனக்கே தெரிந்தது. அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "சரி தாயி. தொடல" என்றார். உள்ளே கட்டிலில் இருந்த என் கணவர் பல்லுக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. அண்ணிக்குப் புரிந்தது. "நீ சும்மா இருடா" என்றார்.

அடிப்பாகத்தை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, எலெக்ட்ரீஷியனிடம் காட்டிய பிறகுதான் மறுபடி பிளக்கில் மாட்டினேன்.

அடுத்த பவுர்ணமி வரைக்கும் இரண்டு பேரும் தேவைக்கு மட்டும் பேசினோம்.

பவுர்ணமி அன்று எங்கள் ஊரில் பஸ் ஊருக்குள் வராது. கிரிவலக் கூட்டத்துக்காக அங்கங்கே ரோட்டை மறித்து, ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். அன்று சாயங்காலம் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த என் பஸ்ஸும் அங்கேதான் நின்றது. இறங்கி, கூட்டத்துக்குள் எப்படி நடந்து போவது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் ஆட்டோக்காரர் கையைக் காட்டினார். என் கணவரின் ஸ்டாண்டில் ஓட்டுகிறவர்.

"வாங்க டீச்சர், நானும் வீட்டுக்குத்தான் போறேன். பின்னால சந்து வழியா போயிடலாம்."

ஏறி உட்கார்ந்தேன். ஊரைச் சுற்றிக்கொண்டு ஏதேதோ மண் பாதையில் போனார். பேச்சுவாக்கில், "இன்னிக்கு நம்ம தெருவுல ஒரே பேஜாரு. காலைலயே டிரான்ஸ்பார்மர் வெடிச்சிருச்சு. மத்தியானம் தாண்டித்தான் கரண்ட் விட்டான்" என்றார்.

எனக்கு முதலில் அது வெறும் செய்தியாகத்தான் காதில் விழுந்தது. ஒரு நிமிஷம் கழித்துத்தான் காலையில் மாட்டிவிட்டு வந்த சட்டி நினைவுக்கு வந்தது.

"காலைலன்னா எப்போ?"

"நீங்க பஸ்ஸுக்குப் போனீங்க பாருங்க, அதுக்குக் கொஞ்சம் பின்னாடி. ஏன் டீச்சர்?"

கோழி எலும்பும் அரிசியும் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நாள் மூடியபடியே ஊறியிருக்கின்றன. வெந்திருக்காது. ஆறியும் இருக்காது. அந்தப் பீங்கான் சூட்டை லேசில் விடாது. தொட்டால் இளஞ்சூடாகவே இருக்கும். பால் தயிராவதற்கு எந்தச் சூடு வேண்டுமோ அந்தச் சூடு. என் கை போனைத் தேடியது. அண்ணிக்குப் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. என் கணவரின் போனுக்குப் போட்டேன். அதுவும் அப்படியே. காலையிலிருந்து கரண்ட் இல்லாமல் அணைந்த போனை, கரண்ட் வந்த பிறகும் யாரும் சார்ஜில் போட்டிருக்க மாட்டார்கள்.

"கொஞ்சம் வேகமாப் போங்கண்ணா."

"கூட்டத்தப் பாருங்க டீச்சர். பறந்தா போவ முடியும்?"

கிரிவலப் பாதையைக் குறுக்கே தாண்ட வேண்டிய இடத்தில் போலீஸ்காரர் தடுத்து நிறுத்தினார். நடக்கிறவர்களின் வரிசை முடிவதாக இல்லை. வெறுங்கால்கள், குழந்தைகளைத் தோளில் தூக்கியவர்கள், கற்பூர வாசனை. நான் ஆட்டோவிலிருந்து குதித்து அவர்களை இடித்துக்கொண்டு குறுக்கே ஓடினேன். யாரோ திட்டினார்கள்.

வீட்டுக்கதவு திறந்திருந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. என் கணவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அண்ணி தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"கஞ்சி குடுத்துட்டீங்களா?"

"குடுக்காம? கரண்ட் இல்லாம மிக்ஸி போட முடியல, புள்ள பசியில துடிச்சுப் போயிட்டான். கரண்ட் வந்ததும், நீ திட்டுனாலும் பரவால்லன்னு அந்தத் திருக ஜாஸ்தியில வெச்சேன். தளதளன்னு கொதிச்சுது. அப்புறம்தான் அடிச்சுக் குடுத்தேன். நாலு மணி இருக்கும். ரெண்டு டம்ளரு குடிச்சிட்டான்."

"கரண்ட் போனப்பவே எடுத்து கேஸ்ல கொதிக்க வெச்சிருக்கலாமே அண்ணி!"

அண்ணி கீரையைக் கீழே வைத்தார். "நீதானே தொடாதன்னு சொன்ன. தெறக்காதன்னு சொன்ன."

நான் சமையலறைக்குப் போய்ச் சட்டியின் மூடியைத் தூக்கினேன். மிச்சக் கஞ்சி அடியில் கிடந்தது. முகர்ந்தேன். புளித்த வாடை இல்லை, ஒன்றும் இல்லை. கோழியும் பூண்டும்தான் மணந்தன. பிளக்கைப் பிடுங்கினேன். ஒருவேளை ஒன்றும் ஆகாது. நன்றாகக் கொதித்ததாகச் சொல்கிறாரே. கிருமி எல்லாம் செத்திருக்கும்.

என் கணவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எப்படி இருக்குது?" கையை அசைத்து, நன்றாக இருக்கிறேன் என்றார். நான் எழுந்திருக்கவில்லை. அண்ணியும் கீரையைத் தொடவில்லை. கட்டிலுக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நான் எதைப் பார்க்கிறேனோ அதையே பார்த்தார். வெளியே கூட்டம் நகர்கிற சத்தம் மழைச் சத்தம் மாதிரி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. என் கணவர் டிவியைப் போடச் சொல்லிச் சைகை காட்டினார். போட்டேன். ஏதோ பாட்டுப் போட்டி. யாரும் பார்க்கவில்லை.

தெருவிளக்கு எரிந்த நேரத்தில் அவர் உதட்டைத் துடைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி துடைத்தார். வாயில் எச்சில் ஊறிக்கொண்டேயிருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

"இன்னாடா செய்யுது?" என்றார் அண்ணி.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நான் அதுவரைக்கும் பார்க்காத ஒரு பயம். அடுத்த நொடி உடம்பு முழுக்க ஒரு குலுங்கல்.

அண்ணி பாய்ந்து வந்து அவரை மல்லாக்கச் சாய்த்து நெஞ்சைத் தடவ ஆரம்பித்தார். "படுடா, படு, படுத்தா அடங்கிடும்."

"சாய்க்காதீங்க! நிமித்துங்க அண்ணி, குனிய வைங்க!"

நான் அவருடைய முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்துத் தூக்கினேன். கனமாக இருந்தார். இரண்டு பேருமாகக் கட்டில் விளிம்புக்கு இழுத்துக் குனிய வைத்தோம். வந்தது. முதலில் மூக்கு வழியாக வந்தது. கட்டிய பற்களுக்குப் பின்னால் அது முட்டிக்கொண்டு நிற்பதைக் கன்னத்தின் உப்பலில் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தார். நான் ஆள்காட்டி விரலை உதட்டோரம் விட்டுக் கன்னத்தை வெளிப்பக்கம் இழுத்தேன். கம்பி விரலைக் கீறியது. பல் சந்துகளிலிருந்து கஞ்சி கோடு கோடாக வழிந்தது, என் கையில், தரையில்.

மூச்சு வரவில்லை. முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

"வெட்டுடி!" என்று அண்ணி அலறினார். தலைமாட்டிலிருந்த கட்டிங் பிளேயரை எடுத்து என் கையில் திணித்தார். "இன்னா பாத்துக்கினு நிக்கற, என் தம்பி போயிடுவான்டி, வெட்டுடி!"

பிளேயரின் மூக்கை உதட்டுக்குள் விட்டேன். முதல் கம்பி சிக்கியது. ஒரு அழுத்து அழுத்தினால் போதும். அவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்கிறாரா, மூச்சுக்குத் தவிக்கிறாரா, தெரியவில்லை. அந்த ஆட்டலில் பிளேயர் அவர் உதட்டைக் கிழித்து ரத்தம் வந்தது. நர்ஸ் சொன்னது காதுக்குள் ஓடியது. மூச்சே விட முடியலன்னா மட்டும். விட முடிகிறதா? எதை வைத்துத் தெரிந்துகொள்வது? என் காதை அவர் மூக்கோடு ஒட்டி வைத்தேன். அண்ணி அலறுவதை நிறுத்தினால்தானே கேட்கும்.

"அண்ணி, சத்தம் போடாதீங்க! மூக்கத் தொடைங்க, மூக்க!"

அண்ணி தன் முந்தானையால் அவர் மூக்கைப் பிழிந்து துடைத்தார். ஒரு சீழ்க்கை மாதிரி, மிக மெல்லிசாக, காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. நான் பிளேயரை அழுத்தவில்லை. எடுக்கவும் இல்லை. கம்பியைக் கவ்வியபடியே வைத்துக்கொண்டு, இன்னொரு விரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு முறை வாந்தி வந்தது. இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் அண்ணி மூக்கைத் துடைத்தார். ஒவ்வொரு முறையும் சீழ்க்கைச் சத்தம் திரும்ப வந்தது.

கடைசியில் வெறும் தண்ணீர்தான் வந்தது. அவர் என் தோளில் நெற்றியை வைத்துச் சாய்ந்தார். பிளேயரை வெளியே எடுத்துத் தரையில் வைத்தபோதுதான் என் விரல்கள் அதிலிருந்து பிரியவே மறுக்கின்றன என்று தெரிந்தது.

அதே ஆட்டோக்காரர்தான் வந்து ஏற்றிக்கொண்டு போனார். போலீஸ்காரர், என் கணவர் முகத்தில் இருந்த ரத்தத்தைப் பார்த்ததும் வரிசையை நிறுத்தி வழி விட்டார். மருத்துவமனையில் ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றினார்கள். இளவயது டாக்டர் ஒருவர் கம்பிகளை டார்ச் அடித்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்ன சாப்பிட்டாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முன்னால் வந்தார். "கஞ்சி, சார். நான்தான் குடுத்தேன். கரண்ட் போயி வந்தப்புறம் வெந்த கஞ்சி. ஆனா கொதிச்சுது சார், என் கண்ணால பாத்தேன்."

"கொதிச்சா கிருமி சாவும்மா. அது அதுக்கு முன்னாடியே கக்கி வெச்ச விஷம் கொதிச்சாலும் போவாது. வாடை, ருசி எதுலயும் தெரியாது. வெதுவெதுன்னு ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்துச்சுன்னா யோசிக்காம கீழ ஊத்திடணும்."

அண்ணி தலையை ஆட்டினார். டாக்டர் போன பிறகும் ஆட்டிக்கொண்டேயிருந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். பிடிக்க விட்டார், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. "நீ வெட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு நெனச்சேன்" என்றார். "வெட்டலன்னு உன்ன அடிக்கக் கை தூக்கிட்டேன். நீ பாக்கல."

மறுநாள் காலையில் அவரை ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம். சமையலறையில் சட்டி அப்படியே இருந்தது. மிச்சக் கஞ்சி ஓரத்தில் பொருக்காகக் காய்ந்து, நடுவில் சளி மாதிரி பூத்திருந்தது. இப்போது நாறியது, வீடு முழுக்க.

"தூக்கிப் போட்டுரு" என்றார் அண்ணி. "தெருக்கோடியில கொண்டுபோயி ஒடச்சுட்டு வந்துடறேன். குடு."

எனக்கும் அதைத் தொடவே அருவருப்பாக இருந்தது. ஆனால் கட்டிலிலிருந்து குரல் வந்தது. இந்த முறை எனக்கே புரிந்தது. வேணும் என்றார். பிரஷர் குக்கர் கஞ்சியில் குழாய் அடைத்துக்கொண்டு தொண்டைக்குள் திப்பி மாட்டியதை அவர் மறக்கவில்லை. கம்பி கட்டிய ஒன்றரை மாதத்தில் இன்னும் பாதி பாக்கியிருந்தது.

கழுவ உட்கார்ந்தேன். அண்ணி வாசற்படியில் நின்று பார்த்தார். கஞ்சியை வழித்துக் குழியில் கொட்டினேன். சட்டி ஆறிப்போய்த்தான் இருந்தது. ஆனாலும் பச்சைத் தண்ணீரில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் ஊற்றினேன். ஆப்ப சோடாவைப் போட்டு, சோப்பு விட்டு, நிரம்ப வெந்நீர் ஊற்றி ஊறவைத்தேன். மூடியின் விளிம்பில் கஞ்சி ஒட்டியிருந்த இடத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். அடிப்பாகத்துக்குள் வழிந்து காய்ந்ததை, சோடாவைக் குழைத்துத் துணியில் தொட்டுத் தொட்டு எடுத்தேன். கம்பி நார் போட்டால் ஒரே இழுப்பில் போகும். பீங்கானில் கீறல் விழுந்தால் அடுத்த முறை அந்தக் கீறலுக்குள் உட்கார்ந்துகொள்ளும் என்ற பயத்தில் துணியாலேயே தேய்த்தேன். ஊறிய சட்டியை முதலில் கழுவியபோது வாடை போகவில்லை. எலுமிச்சம்பழ மூடியால் தேய்த்து மறுபடி ஊறவைத்தேன். அப்போதும் எனக்கு வாடை அடித்துக்கொண்டேயிருந்தது.

"குடு இங்க" என்று அண்ணி வந்து சட்டியை வாங்கி முகர்ந்து பார்த்தார். "ஒண்ணும் இல்ல. உன் கையில இருக்குது வாடை. போயி மஞ்சத் தூள் போட்டுக் கழுவு." சட்டியை அவரே கொண்டுபோய் வெயிலில் கவிழ்த்தார். பிறகு ஒரு துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, அடிப்பாகத்தின் வெளிப்பக்கத்தைத் துடைத்தார். பிளக் பக்கம் வரும்போது துணியைத் தூரமாகப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் நான் பல நாள் அதை மாட்டவில்லை. அண்ணி கேஸில் அடிகனமான பாத்திரத்தில் கஞ்சி வைத்து, காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் பக்கத்திலேயே நின்று கிளறினார். அவருக்கு முழங்கால் வலி. ஒருநாள் விடியற்காலை நான் எழுந்தபோது, சமையலறையில் விளக்கு எரிந்தது. அண்ணி கரண்ட்டுச் சட்டியில் அரிசியைப் போட்டு, கொதிநீரை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பயமா இல்லையா அண்ணி?"

"இருக்குது. இன்னா பண்றது? நீ பஸ்ஸுக்குப் போ. ஃபேன் நின்னா எனக்குத் தெரியும். சட்டியோட கேஸ்ல வெக்கக்கூடாதுதானே? வேற பாத்திரத்துல ஊத்திக் கொதிக்க வெச்சுடறேன். எப்ப போச்சுன்னு எனக்குத் தெரியலன்னா உடனே கீழ ஊத்திடுவேன். புள்ள ஒரு வேள பால் குடிச்சிக்கினு இருக்கட்டும்."

அன்று பள்ளியில் நான் என்ன பாடம் நடத்தினேன் என்பதே நினைவில்லை. அடுத்த வாரம் ஒருநாள், இரண்டாவது பீரியடில் ஆயா வந்து, ஸ்டாஃப் ரூமில் என் போன் அடித்துக்கொண்டேயிருக்கிறது என்றாள். பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். திரையில் அண்ணியின் பெயர். எடுத்தேன். மூச்சு வாங்கியதில் பேச வரவில்லை.

"கரண்ட் போயி அஞ்சு நிமிசம் ஆவுது" என்றார் அண்ணி. "மாத்திட்டேன். கேஸ்ல கொதிக்குது. சொல்லலாம்னுதான் போட்டேன்." பிறகு, "இன்னாமா? இருக்கியா?" என்றார்.

"இருக்கறேன் அண்ணி."

"அப்போ வை. கொதி வந்துருச்சு."

கம்பியை எடுத்த அன்று அவருக்கு வாய் ஒரு விரல் அகலத்துக்குத்தான் திறந்தது. தாடை இறுகிப்போயிருந்தது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் தோசை வேண்டும் என்றார். மெல்ல முடியாது என்றோம். கேட்கவில்லை. அண்ணி மெல்லிசாக ஒரு தோசை வார்த்து, சாம்பாரில் ஊறவைத்து, விரலால் பிசைந்து, அந்தச் சின்ன இடைவெளிக்குள் ஊட்டினார். பாதி வெளியே வந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, வலியிலா வேறெதிலா தெரியவில்லை.

கடலை பிடுங்க ஆள் கிடைக்கவில்லையென்று மகன் போன் செய்ய, அண்ணி அந்த வாரமே கிளம்பிவிட்டார். பஸ் நிலையத்தில் நான்தான் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. 

"அவன் மழையில வண்டி ஓட்ட வேணாம்னு சொல்லு" என்றார். "நான் சொன்னா கேக்க மாட்டான். நீ கத்துனாத்தான் கேப்பான்."

பஸ் நகர்ந்தது. அவர் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் பார்க்க ஆரம்பித்தார்.